சுவரில் கொழுந்துக்கூடை, மேசையில் சீறும் தட்டு

ஹட்டன் நகரில் தகப்பனார் நடத்திவந்த சாப்பாட்டுக் கடையைப் பொறுப்பேற்றிருக்கும் தம்பி ஒருவர் எனக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறார். குடும்பத்தோடு கண்டிக்குப் போனபோது, பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் உணவகம் ஒன்றில் சாப்பிட்டாராம். சாப்பாட்டுப் பட்டியலில் நூற்றைம்பது வகை. கூரையில் ஒரு சைக்கிள் தலைகீழாகத் தொங்கியது. சுவரே தெரியாதபடி பழைய வானொலிகள், தகரப் பலகைகள், லாந்தர்கள், தேயிலை பறிக்கும் கொழுந்துக்கூடைகள். ஒருவருக்கென்று கேட்ட கோழி இருவர் சாப்பிடும் அளவில், புகை கக்கிச் சீறிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் கேட்ட பானத்தின் விளிம்பில் வெள்ளைப் புகை வழிந்தது. இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு, இதற்குப் பின்னால் கணக்கு ஏதும் உண்டா, தம் கடையையும் தோட்டத் தொழிலாளரின் 'லயத்து வீடு' மாதிரி மாற்றித் தருவதாக அலங்கார வேலைக்காரர் ஒருவர் சொல்கிறாரே, செய்யலாமா என்று கேட்கிறார்.

கணக்கு உண்டு. அந்தச் சைக்கிளுக்கும் கணக்கு உண்டு, கோழி சீறுவதற்கும் கணக்கு உண்டு. வளைகுடா நாடு ஒன்றில் அமெரிக்கச் சங்கிலி உணவகத்தின் கிளையில் ஒன்பது வருடம் அடுப்படியிலும் பிறகு மேற்பார்வையிலும் வேலை செய்தவன் நான். ஊர் திரும்பிய பிறகு கண்டியிலும் நுவரெலியாவிலும் உணவகப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஆகவே வெளியில் நின்று பழிக்கவும் மாட்டேன், உள்ளே நின்று புகழவும் மாட்டேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தனக்கென்று ஓர் ஊர் இல்லாத கடைதான் சுவர் நிறைய ஊரைத் தொங்கவிட வேண்டியிருக்கிறது. உங்கள் கடைக்கு ஊர் இருக்கிறது. அதனால் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அலங்காரத்தை அல்ல, வேறு சிலவற்றை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் காரணம் விளங்கும். நியூயோர்க்கில் 1965ஆம் ஆண்டு அலன் ஸ்டில்மன் என்ற வாசனைப் பொருள் விற்பனையாளர் 'டி.ஜி.ஐ. ஃப்ரைடேஸ்' என்ற மதுச்சாலையைத் திறந்தார். அக்கம்பக்கத்தில் விமானப் பணிப்பெண்களும் இளம் உத்தியோகத்தர்களும் நிறைய இருந்தார்கள். பெண்கள் தயக்கமில்லாமல் வந்து உட்காரக்கூடிய மதுச்சாலை என்பது அன்று அரிது. சிவப்பு வெள்ளைக் கோடுகளும் வண்ணக் கண்ணாடி விளக்குகளும் தரையில் மரத்தூளுமாக, யாரோ ஒரு பாட்டியின் வீட்டு முன்னறையைப் போல அந்த இடத்தை அவர் அமைத்தார். அந்த இடம் வெற்றிபெற்று, வேறு நகரங்களில் கிளைகள் முளைத்தபோதுதான் சிக்கல் வந்தது. நியூயோர்க் மூலைக்கடைக்குத் தானாகவே இருந்த பழமை, புறநகரில் வாகனத் தரிப்பிடத்தின் நடுவே நேற்றுக் கட்டிய கொங்கிரீட் பெட்டிக்கு இருக்கவில்லை. எனவே பழமையை லொறியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார்கள். விமானத்தின் மர விசிறியும் துடுப்புப் படகும் மது பரிமாறும் மேசைக்கு மேலே தொங்குவது அந்த நிறுவனத்தின் அடையாளமாகவே ஆகிப்போனது. எழுபதுகளில் தோன்றிய மற்றச் சங்கிலிகளும் அதே வழியில் போயின.

இந்தக் கலையை ஒரு தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனது 'கிராக்கர் பெரல்' என்ற நிறுவனம். 1969இல் டென்னசி மாநிலத்தின் லெபனன் என்ற சிறு நகரில் தொடங்கியது. தொடங்கிய டான் எவின்ஸ் எரிபொருள் நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி; நெடுஞ்சாலையில் பெற்றோல் விற்பனையைக் கூட்டுவதற்காகத்தான் சாப்பாட்டுக் கடையே வைத்தார். அந்த நிறுவனத்துக்குப் பழம்பொருட்களைச் சேர்த்து, கழுவி, பழுது பார்த்து, இலக்கமிட்டு வைக்கும் களஞ்சியம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கிளைக்கும் ஏறத்தாழ 1,000 பொருட்கள் அங்கிருந்து போகின்றன. வாசலுக்கு மேலே மாட்டு நுகமும் குதிரை லாடமும், கணப்படுப்புக்கு மேலே மான் தலை என்று எது எங்கே இருக்க வேண்டும் என்பதற்கும் ஒழுங்கு உண்டு. 2025 ஓகஸ்டில் அந்த நிறுவனம் தன் சின்னத்தை எளிமையாக்கியது; சில கிளைகளில் உள் அலங்காரத்தையும் குறைத்து, சுவர்களை வெளிச்சமாக மாற்றி வந்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். ஏறத்தாழ ஒரு வாரத்தில் பழைய சின்னம் திரும்பி வந்தது, அதற்கு இரண்டு வாரம் கழித்துப் புதுப்பிப்பு வேலையும் நிறுத்தப்பட்டது. தொழிலில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த நுகத்தடி எந்த மாட்டின் கழுத்திலும் இப்போது இல்லை, வந்து சாப்பிடுகிறவர்களில் அநேகர் உழுததும் இல்லை. இருந்தும் அதைக் கழற்றினால் தங்கள் வீட்டுச் சாமானைத் திருடியதாகவே அவர்கள் நினைக்கிறார்கள்.

இதன் உச்சங்கள் வேடிக்கையானவை. 1994இல் மினசோட்டாவின் பெரிய அங்காடி ஒன்றில் தொடங்கிய 'ரெயின்ஃபொரஸ்ட் கஃபே'யில் இயந்திரக் கொரில்லாக்கள் உறுமும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இடியும் மின்னலுமாகச் செயற்கை மழைப்புயல் வந்துபோகும். அதைத் தொடங்கியவர் முதலில் தம் வீட்டையே காடாக்கி மாதிரி காட்டி முதலீட்டாளரைப் பிடித்தார். 1988இல் ஃபுளோரிடாவில் தொடங்கிய 'அவுட்பாக்' அவுஸ்திரேலியாவைப் பெயரிலும் சுவரிலும் சுமந்தது. தொடங்கியவர்கள் அதற்குமுன் அவுஸ்திரேலியாவுக்குப் போனதே இல்லை. அங்கே வந்த பெரிய வெங்காயப் பொரியல், ஒரு முழு வெங்காயத்தைப் பூவாக விரித்து மாவில் தோய்த்துப் பொரித்தது, அவுஸ்திரேலிய வீடு எதிலும் சமைக்கப்பட்டதல்ல.

அலங்காரம் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதற்கு வருவோம். சாப்பாடு கேட்டதற்கும் தட்டு வருவதற்கும் இடையில் பதினைந்து, இருபது நிமிடம் கழிகிறது. ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் கடையில் அந்தப் பிரச்சினை இல்லை. சோறும் கறியும் தயாராக இருக்கும், இலையோ தட்டோ வைத்த கையோடு பரிமாறிவிடுவார்கள். கேட்ட பிறகு சமைக்கும் கடைக்கு அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். பிள்ளைகள் "அது என்ன அப்பா" என்று சைக்கிளைக் காட்டிக் கேட்கிறார்கள், அப்பா கதை சொல்கிறார், பத்து நிமிடம் போய்விடுகிறது. பழகாத மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பேச்சுக்கு ஒரு தொடக்கம் அந்தப் பழைய வானொலி. வாடிக்கையாளரின் கண்ணுக்கு வேலை கொடுத்தால் அவர் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார் என்பது எங்களுக்குப் பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லித் தந்த பாடம்.

இசையும் அதே கணக்கில் சேர்ந்ததுதான். ரொனால்ட் மில்லிமன் என்ற ஆய்வாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மெதுவான இசை ஒலித்த நாட்களில் சாப்பிட வந்தவர்கள் சராசரி 56 நிமிடமும், வேகமான இசையில் 45 நிமிடமும் மேசையில் இருந்தார்கள். சாப்பாட்டுக்குக் கொடுத்த பணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. குடிவகைக்குக் கொடுத்த பணம்தான் மெதுவான இசையில் ஏறத்தாழ நாற்பது வீதம் கூடியது. அதனால்தான் மதுச்சாலை உள்ள கடையில் இசை தவழும், மதுவில்லாத பர்கர் கடையில் இசை துள்ளும். உங்கள் கடையில் மதியம் பன்னிரண்டரைக்கு வரிசை நிற்கிறது என்றால் மனத்தை உருக்கும் பழைய பாட்டை அந்த நேரத்தில் போடாதீர்கள்.

இதையெல்லாம் அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தான் என்று மலைநாட்டில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. நுவரெலியாவில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரின் ஹில் கிளப் 1876இல் தொடங்கியது. அதன் சுவர்களில் மரைக் கொம்புகளும் வேட்டையாடிய விலங்குகளின் தலைகளும் தொங்குகின்றன. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்து குளிரில் உட்கார்ந்திருந்த துரைமார், தாங்கள் ஸ்கொட்லாந்தில்தான் இருக்கிறோம் என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்வதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஊர் இல்லாதவன் சுவரில் ஊரைத் தொங்கவிடுவது என்று நான் முன்னே சொன்னதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அங்கே கணப்படுப்பில் விறகு போட்டவர்களும் தட்டு ஏந்தியவர்களும் நம் ஆட்கள். அந்தத் தலைகளைத் தூசு தட்டியவர்களும் அவர்களே.

இன்னொரு வகையும் நம்மிடம் இருக்கிறது. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் கைவிடப்பட்ட ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, 1996இல் ஹோட்டலாக்கினார்கள். கொழுந்து வாட்டிய மாடிகள் படுக்கையறைகள் ஆயின. காற்றாடிகளும் இயந்திரங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பழைய சிறுபாதை ரயிலின் பெட்டி ஒன்று வெளியே சாப்பாட்டறையாக நிற்கிறது. அந்த அறைகளில் இன்று ஓர் இரவு தங்குவதற்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு, அவை இங்கே வேண்டாம். ஆனால் அலங்காரம் என்ற அளவில் அது நேர்மையானது. அந்த இயந்திரம் வேறெங்கிருந்தும் வரவில்லை. அது அங்கேதான் ஓடியது, அதே கட்டடத்தில்தான் கொழுந்து அரைபட்டது.

இனி நீங்கள் கண்டியில் பார்த்த கொழுந்துக்கூடை. நீங்கள் போன அதே கடையோ என்னவோ, அப்படி ஒரு கடையில் நானும் போன வருடம் சாப்பிட்டேன். மேசைக்கு மேலே ஒரு பிரம்புக்கூடையைக் கவிழ்த்து, அடியில் ஓட்டை போட்டு, மின்குமிழ் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். கூடையைத் தலையிலிருந்து தாங்கும் கயிறு இரண்டு பக்கமும் அழகுக்காகச் சுருக்குப் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. அந்தக் கயிறு எங்கே உட்காரும் என்பது அந்தக் கடையின் வடிவமைப்பாளருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. என் அம்மாவுக்கு உச்சந்தலையில், வகிட்டுக்குக் குறுக்கே, விரல் வைத்தால் உள்ளே போகும் ஒரு பள்ளம் இருந்தது. முக்காட்டுத் துணியை நாலாக மடித்து வைத்து அதன்மேல்தான் கயிற்றைப் போடுவார். ஓய்வு பெற்றுப் பல வருடமான பிறகும் அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. இடுப்பில் கட்டிய படங்கு நனைந்தால் கூடையின் கனம் இரட்டிப்பாகத் தெரியும் என்பார். தட்டு கொண்டுவந்த பையன் மஸ்கெலியாப் பக்கம். நான் மேலே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "கயிறு பிழையாகக் கட்டியிருக்கு அங்கிள், சொன்னேன், கேக்கல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

இதற்காக அந்தக் கடையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. கூடை ஓர் அழகான பொருள்தான், அதன் பின்னல் வேலைப்பாட்டில் விளக்கின் வெளிச்சம் விழும் விதமும் அழகுதான். என் விசனம் வேறு. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அதே வருடம் இப்படிப்பட்ட கடையில் 1,500 ரூபாய் என்று அச்சிட்டிருக்கும் ஒரு தட்டுக்குப் பத்து வீதச் சேவைக் கட்டணமும் அதற்கு மேல் பதினெட்டு வீதப் பெறுமதி சேர் வரியும் சேர்த்தால் 1,947 ரூபாய். கூடையைச் சுமப்பவர் அந்தக் கூடைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட ஒரு நாட்சம்பளம் போதாது. உங்கள் கடையில் சாப்பிடுபவர்களில் பாதிப்பேர் அந்தக் கூடையைச் சுமந்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். தீபாவளி முன்பணம் வாங்கி டவுணுக்கு வரும் ஓர் அம்மா, பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவிலிருந்து வெளியேறி ஒரு வேளை நிம்மதியாகச் சாப்பிட உங்களிடம் வருகிறார். அவரை மறுபடியும் ஒரு காம்பராவுக்குள் உட்காரவைத்து, அதற்கு மேலதிகமாகப் பணம் கேட்பது எப்படிப்பட்ட வியாபாரம் என்பதை நீங்களே யோசியுங்கள். சுற்றுலாப் பயணிகள் மட்டுமே வரும் எல்லவில் ஒருவேளை அது எடுபடலாம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இங்கே நான் அவ்வளவு கடுமையாகப் பேசப்போவதில்லை, ஏனென்றால் சீறும் தட்டை எனக்குப் பிடிக்கும்.

அந்த வித்தை இப்படித்தான் நடக்கிறது. வார்ப்பிரும்புத் தட்டுகளை அடுப்பின் மேல் அடுக்கி, நன்றாகக் காயவிடுவார்கள். இறைச்சி தனியாக வேறு சட்டியில் ஏற்கெனவே வெந்துவிட்டது. தட்டை மரப்பலகையில் வைத்து, வெங்காயமும் கறிமிளகாயும் பரப்பி, இறைச்சியை மேலே வைத்து, சமையலறையை விட்டு வெளியேறும் கதவருகில் நின்று ஒரு கரண்டி வெண்ணெயும் நீரும் கலந்ததையோ சோஸையோ ஊற்றுவார்கள். நீர் நொடியில் ஆவியாகிச் சீறுகிறது, வெங்காயம் கருகும் வாசனை எழுகிறது. பையன் அதை வேண்டுமென்றே கூடத்தின் நடுவால் கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் கிளையில் எழுதப்பட்ட விதியே. ஒரு தட்டு ஒரு சுற்றுப் போய்வந்தால் அடுத்த கால் மணி நேரத்தில் இன்னும் இரண்டு மூன்று பேர் அதையே கேட்பார்கள். விளம்பரத்துக்குச் செலவு ஒரு கரண்டி வெண்ணெய்.

ஆனால் தம்பி, இந்த வித்தை உங்களுக்குப் புதிதா? இரவு ஏழு மணிக்கு டவுணில் இறங்குகிறவனைக் கடைக்குள் இழுப்பது எது? இரண்டு தகட்டால் இரும்புக் கல்லில் கொத்து ரொட்டி அடிக்கும் ஓசைதானே. எந்தக் கொத்து அடிப்பவரும் பராட்டா துண்டாவதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் அடிப்பதில்லை. தெரு முனைவரைக்கும் கேட்பதற்காகவும் அடிக்கிறார், சிலர் தாளம்கூட வைத்திருக்கிறார்கள். அமெரிக்கச் சங்கிலிகள் ஆய்வாளர் வைத்துக் கண்டுபிடித்ததை நம் கொத்துக் கடைகள் காதால் கண்டுபிடித்தன. அதன்மேல் இப்போது சீஸ் ஊற்றுகிறார்கள். சீஸ் கொத்து வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை.

மலைநாட்டில் இரும்புத் தட்டுக்கு இன்னொரு நியாயமும் உண்டு, கொழும்பில் அது இல்லை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும், சாதாரண பீங்கான் தட்டில் வைத்த குழம்பு பேசிக்கொண்டிருக்கும்போதே ஆறி, எண்ணெய் மேலே உறைந்துவிடும். ஜனவரி இரவில் யன்னல் இடுக்கால் பனிக்காற்று வரும் ஒரு கடையில், கடைசித் துண்டுவரை சூடாக இருக்கும் தட்டு ஆடம்பரமல்ல. செலவு இருக்கிறது: அந்தத் தட்டுகளைச் சூடாக வைத்திருக்க வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் எரிவாயு எரிந்துகொண்டிருக்கும். 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்றதை மறந்தவர்கள்தான் அதைக் கவனிக்காமல் விடுவார்கள்.

பானத்தில் வழிந்த வெள்ளைப் புகையைப் பற்றி மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். அது உலர் ஐஸ், அதாவது உறைந்த காபனீரொக்சைட்டு. அதன் வெப்பநிலை மறை 78 பாகை செல்சியஸ். கிளாஸின் அடியில் துண்டு கிடக்க, பிள்ளை அதை வாயில் போட்டுக்கொண்டால் நாக்கும் தொண்டையும் எரிந்துபோகும். 2024 மார்ச்சில் டில்லிக்கு அருகே குர்கானில் ஓர் உணவகத்தில் வாய் மணப்பதற்கான கற்கண்டு என்று நினைத்து உலர் ஐஸை வாயில் போட்டவர்கள் இரத்த வாந்தி எடுத்து மருத்துவமனைக்குப் போனார்கள். அதைக் கையாளத் தெரிந்த கடைகள் துண்டு வாய்க்கு வராதபடி தனி அடுக்குள்ள கிளாஸில் வைக்கும். உங்கள் கடைக்கு அது வேண்டவே வேண்டாம்.

தட்டின் பிரமாண்டத்துக்கு வருவோம், கணக்கு மிகக் கூர்மையாக இருப்பது இங்கேதான். ஒரு தட்டின் விலையில் சரக்குக்குப் போவது பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. மீதி வாடகை, சம்பளம், எரிவாயு, மின்சாரம், லாபம். ஓர் உதாரணத்துக்கு 1,000 ரூபாய்த் தட்டில் 320 ரூபாய்க்குச் சரக்கு என்று வையுங்கள். அதே தட்டில் இன்னும் நூறு ரூபாய்க்குப் பொரித்த உருளைக்கிழங்கும் கோவாச் சம்பலும் சோஸும் குவித்துவிட்டு 1,500 ரூபாய் என்று எழுதினால், வாடகை ஏறவில்லை, பையனின் சம்பளம் ஏறவில்லை, அடுப்பு கொஞ்சம் கூடுதலாக எரிந்தது, அவ்வளவுதான். வாடிக்கையாளருக்கு மலைபோல் ஒரு தட்டு, கடைக்குக் கையில் இன்னும் நானூறு. எப்போதும் கூட்டப்படுவது மலிவானதுதான் என்பதைக் கவனியுங்கள். உருளைக்கிழங்கு இரட்டிப்பாகும், இறால் ஒருபோதும் இரட்டிப்பாகாது.

அதிகம் வைத்தால் மனிதன் அதிகம் சாப்பிடுவான் என்பதும் சோதித்துப் பார்த்த விடயம். அமெரிக்காவில் பார்பரா ரோல்ஸ் என்ற பேராசிரியரின் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், சீஸ் கலந்த மக்ரோனியை 500 கிராமிலிருந்து 1,000 கிராம்வரை வெவ்வேறு நாளில் வெவ்வேறு அளவில் வைத்தார்கள். பெரிய அளவு வைத்த நாளில் மக்கள் முப்பது வீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வயிறு அதிகம் நிறைந்ததாகச் சொல்லவுமில்லை. நம் முஸ்லிம் நண்பர்களின் கல்யாண வீட்டில் சஹன் என்ற பெரிய தாம்பாளத்தில் வரும் சோறும் மலைபோலத்தான் இருக்கும். ஆனால் அதைச் சுற்றி ஆறு பேர் உட்காருகிறார்கள். சங்கிலி உணவகம் சஹனின் அளவை எடுத்துக்கொண்டு ஆறு பேரை விட்டுவிட்டது.

உருளைக்கிழங்கைப் பற்றி ஒரு விடயம், நுவரெலியாவில் பயிற்சி கொடுக்கும்போது எல்லோரும் கேட்பது. யன்னலுக்கு வெளியே பாத்தி பாத்தியாகக் கிழங்கு விளைந்து கிடக்க, உள்ளே பொரிப்பது ஏன் வெளிநாட்டிலிருந்து உறைந்து வந்த பொதி? இளக்காரம் அல்ல காரணம். நுவரெலியாவிலும் வெலிமடையிலும் அதிகம் பயிரிடுவது கிரனோலா என்ற இனம். கறிக்கு அதைப்போல வராது. ஆனால் அதில் நீர்த்தன்மை அதிகம், மாப்பொருள் குறைவு. நீளமாக வெட்டிப் பொரித்தால் முதல் நிமிடம் மொறுமொறுப்பாக இருந்து மூன்றாம் நிமிடம் துவண்டுவிடும். குளிரில் வைத்த கிழங்கில் சர்க்கரை கூடி, பொரிக்கும்போது உள்ளே வேகுமுன் வெளியே கருத்தும்விடும். உறைந்து வருவதோ பொரிப்பதற்கென்றே வளர்த்த இனம். ஆலையிலேயே ஒருமுறை பொரித்து உறையவைத்தது. எந்தப் பையன் பொரித்தாலும் எந்தக் கிளையிலும் ஒரே மாதிரி வரும். சங்கிலிக்கு வேண்டியது அந்த ஒரே மாதிரிதான். உங்களுக்கு அது வேண்டியதில்லை. உள்ளூர்க் கிழங்கை அவித்து, உடைத்து, மிளகாய்த்தூளும் வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டுக் கல்லில் பிரட்டினால், கிரனோலா தன் குணத்தைக் காட்டும்.

நீங்கள் கண்டியில் பார்த்த நூற்றைம்பது வகைப் பட்டியலும் இதன் தொடர்ச்சியே. அமெரிக்காவின் 'சீஸ்கேக் ஃபெக்டரி' ஏறத்தாழ 250 வகைகளைப் பட்டியலில் வைத்து, அவற்றைக் கிளையிலேயே சமைப்பதாகப் பெருமைப்படும் நிறுவனம். அதற்கு ஓர் இராணுவம்போல ஆட்களும் ஒழுங்கும் வேண்டும். அந்த நீளத்தை மட்டும் நகலெடுத்த கடைகளில் பட்டியலின் பாதி உறைபெட்டியிலும் மீதி மைக்ரோவேவிலும் இருக்கும். 1982இல் மிச்சிகனில் கசவானா, ஸ்மித் என்ற இருவர் வகுத்த முறை இன்றும் தொழிலில் ஓடுகிறது: அதிகம் விற்று அதிக லாபம் தருவது நட்சத்திரம், அதிகம் விற்றும் லாபம் குறைந்தது உழவுக்குதிரை, லாபமிருந்தும் விற்காதது புதிர், இரண்டும் இல்லாதது நாய். ஒரு மாதத்துச் சிட்டைகளை எடுத்துவைத்து உங்கள் பண்டங்களை இந்த நாலு கூட்டிலும் போட்டுப் பாருங்கள். சங்கிலிகளிடமிருந்து நீங்கள் உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான், கூரையில் சைக்கிள் கட்டுவது அல்ல. மீன் அடைத்த மாலுபாண் உழவுக்குதிரையாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அதை நிறுத்திவிடாதீர்கள், அதை வாங்க வருகிறவர்தான் தேத்தண்ணியும் குடிக்கிறார்.

அலங்காரக்காரர் உங்களிடம் சொல்லாத ஒன்று, தொங்கவிட்ட சாமானுக்குப் பிறகு நடப்பது. பொரிக்கும் எண்ணெயின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் கூடம் முழுக்கப் பரவி, குளிர்ந்த பொருளில் படியும். அதன்மேல் தூசு ஒட்டும். ஆறு மாதத்தில் பிசுபிசுத்த கறுப்புத் தோல் ஒன்று எல்லாவற்றையும் மூடும். நான் வேலை செய்த கிளையில் பதினான்காம் இலக்க மேசைக்கு மேலே ஒரு கிராமபோன் குழல் தொங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கூட்டம் நிறைந்த நேரத்தில், அந்தக் குழலுக்குள்ளிருந்து கட்டியாக எண்ணெய்த் தூசு ஒரு பெண்மணியின் சூப்பில் விழுந்தது. மேலாளர் மன்னிப்புக் கேட்டு இனிப்பு ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்; குழலைக் கழற்றவில்லை, மேசையை ஓரடி தள்ளிப் போடச் சொன்னார். அதன்பிறகு மாதமொரு ஞாயிறு நள்ளிரவில் ஏணி வைத்து எல்லாவற்றையும் துடைப்பது எங்கள் வேலையாயிற்று, அதற்கு மேலதிகக் கொடுப்பனவு கிடையாது. வளைகுடாவிலாவது காற்று காய்ந்தது. ஹட்டனில் ஜூனில் மழை பிடித்தால் போட்ட துணி ஒரு வாரத்துக்கு உலராது. பிரம்புக்கூடை பூஞ்சணம் பிடிக்கும், தகரம் துருவேறும், சாக்குத் துணி நாறும். சுகாதாரப் பரிசோதகர் வரும்போது முதலில் மேலேதான் பார்ப்பார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: அந்த வேலைக்காரருக்குப் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் பாதியைப் புகைபோக்கிக்கும் நல்ல உறிஞ்சு விசிறிக்கும் போடுங்கள். சுவரைக் கழுவக்கூடிய வெளிர்ப் பூச்சால் அடித்துவிடுங்கள். வெள்ளைக் குழல் விளக்குகளைக் கழற்றிவிட்டு மஞ்சள் ஒளிக் குமிழ்களை மேசைக்கு நேரே, கண்ணில் படாத உயரத்தில் போடுங்கள். சோறும் பருப்பும் அந்த வெளிச்சத்தில் பசியைக் கிளப்பும், முகங்களும் களைப்பாகத் தெரியாது. உங்கள் அப்பா காலத்து ரோல்ஸ் வைக்கும் கண்ணாடிப் பெட்டியை வெளியே போடாதீர்கள், சட்டத்தை மினுக்கி அதே இடத்தில் வையுங்கள். கடையின் பழைய படம் ஏதும் இருந்தால் ஒன்றைச் சட்டமிட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டுங்கள், ஒன்று போதும். இரும்புத் தட்டு ஆறு வாங்கி, மாலையில் மட்டும், கோழிக்கும் காளானுக்கும் வைத்துப் பாருங்கள்.

கொத்துக் கல்லை இப்போது பின்கட்டில் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை முன்னே, பஸ் நிலையத்தைப் பார்த்த யன்னலோரம் கொண்டுவாருங்கள். ஆனால் நிரந்தரமாகப் பதிப்பதற்கு முன் இரண்டு மூன்று மாலை தற்காலிகமாக வைத்து அடித்துப் பார்த்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஹட்டனில் கிழக்குப் பக்கம் பார்த்த கடைக்கும் மேற்குப் பக்கம் பார்த்த கடைக்கும் புகை ஒரே மாதிரிப் போகாது, உங்கள் கடை எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை.